ஃப்ளோரன்ஸ் அரண்மனைகளை வழிகாட்டியோடு நடந்து பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்து அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே. பழைய நகரம் கையளவுதான். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரை மணி நேர நடை. அதை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தூரம் குறைவு என்பதால் நேரமும் குறைவாகவே பிடிக்கும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

முக்கியமானவை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

கால் நடக்கும், கண் பார்க்காது. உஃபிசி ஓவியக்கூடம் மட்டுமே சுமாராகப் பார்த்தாலும் மூன்று மணி நேரம் எடுக்கும். ஒரு நாளைக்கு உள்ளே நுழைந்து பார்ப்பது இரண்டு கட்டடங்கள், அவற்றுக்கு இடையில் தெருவில் நின்று பார்ப்பது நான்கைந்து. இதற்கு மேல் போட்டால் மூன்றாவது கட்டடத்தில் எல்லாரும் பெஞ்ச் தேடுவார்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் உஃபிசியை விட்டுவிட்டு, நகரத்தை ஆண்ட மெடிசி குடும்பத்தின் அரண்மனையையும், பழைய ஆட்சி மன்றக் கட்டடமான பலாட்ஸோ வெக்கியோவையும் பாருங்கள். இப்படிச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் உஃபிசியில் இருப்பவை ஏன் வந்து சேர்ந்தன என்பது அந்த இரண்டு வீடுகளில்தான் புரியும்.

எந்த வரிசையில் போவது நல்லது?

மெடிசி குடும்பம் வீடு மாறிய வரிசையில். வட்டிக்கடையும் வங்கியும் நடத்திய குடும்பம் அது. 1440களில் மிக்கேலோட்ஸோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து இன்றைய காவூர் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டது. அதுதான் மெடிசி ரிக்கார்டி அரண்மனை. நூறு ஆண்டு கழித்து, 1540இல், குடும்பத்தின் இளைய கிளையைச் சேர்ந்த முதலாம் கோசிமோ நகர ஆட்சி மன்றம் நடந்த கட்டடத்துக்கே குடிபெயர்ந்தார். குடியரசின் அலுவலகம் ஒரு பிரபுவின் வீடானது. பிறகு அவருடைய மனைவி எலியனோரா, ஆற்றுக்கு அப்பால் பிட்டி குடும்பம் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டிருந்த மாளிகையை வாங்கினார். அரசவை அங்கே போனபின் முந்தைய கட்டடத்துக்கு ‘வெக்கியோ’, அதாவது பழையது, என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அரசு அலுவலகங்களை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள 1560இல் ஜார்ஜோ வசாரி கட்டத் தொடங்கியதுதான் உஃபிசி. ‘அலுவலகங்கள்’ என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள்.

ஆக முதல் நாள் காலை மெடிசி ரிக்கார்டி, அங்கிருந்து பேராலயத்தைக் கடந்து, ஒர்சான்மிக்கேலே தேவாலயம் வழியாக சிஞ்ஞோரியா சதுக்கம், பலாட்ஸோ வெக்கியோ. நடை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டாம் நாள் உஃபிசி. மூன்றாம் நாள் ஸ்ட்ரோட்ஸி, ருச்செல்லாய், டவன்சாத்தி வீடுகளைப் பார்த்துவிட்டு, பொந்தே வெக்கியோ பாலம் தாண்டி பிட்டி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பிட்டியின் தங்க முலாம் கண்ணைக் கூசச் செய்யும், மெடிசி வீடு வெறும் கல்லாகத் தெரியும்.

‘பலாட்ஸோ’ என்றால் அரண்மனைதானே? ராஜா எங்கே?

ராஜா கிடையாது. இத்தாலிய மொழியில் பலாட்ஸோ என்பது பெரிய நகரத்து வீடு. வணிகர், வங்கியாளர், வக்கீல் யார் கட்டினாலும் அந்தப் பெயர்தான். இன்றைய அடுக்குமாடிக் கட்டடத்தையும் அப்படித்தான் அழைப்பார்கள். உண்மையான ராஜா ஒருவர் இங்கே இருந்தது 1865 முதல் 1871 வரை, ஃப்ளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்த ஆறு ஆண்டுகள். அவர் தங்கியது பிட்டியில்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி கல் சுவராக இருக்கிறதே. என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல வழிகாட்டிக்கும் சுமாரான வழிகாட்டிக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான். உள்ளே போகக் காசு கேட்பார்கள். தெருவில் நின்று சுவரைப் படிக்கக் காசு இல்லை.

முதலில் கல். பழுப்பு மஞ்சள் நிறம் என்றால் பியெத்ராஃபோர்த்தே, உள்ளூர் மணற்கல், வெளிச்சுவருக்கும் நடைபாதைக்கும். சாம்பல் நிறம் என்றால் பியெத்ரா செரேனா. முற்றத்துத் தூண், ஜன்னல் சட்டம், படிக்கட்டு. செதுக்க எளிது, ஆனால் மழை பட்டால் தோல் உரிவதுபோல் உதிரும், அதனால்தான் பெரும்பாலும் உள்ளே.

அடுத்து அடுக்கு. மெடிசி வீட்டின் தரைத்தளத்தில் கற்கள் பாறைபோல் புடைத்திருக்கும். முதல் மாடியில் தட்டையாகி இடைக்கோடு மட்டும் தெரியும். மேல் மாடியில் கோடும் மறைந்து வழுவழுப்பாகும். கீழே கோட்டை, மேலே வீடு. 1489இல் தொடங்கிய ஸ்ட்ரோட்ஸி அரண்மனை இதைப் பார்த்துப் போட்டிக்குக் கட்டியது; அங்கே புடைப்பு மேல் வரைக்கும் போகும். கட்டடக் கலைஞர் அல்பெர்த்தி வடிவமைத்த ருச்செல்லாய் வீடு வேறு வழியில் போனது: புடைப்பு வேண்டாம், ரோமானியக் கட்டடங்களைப்போல் ஒவ்வொரு மாடிக்கும் தட்டையான தூண் வரிசை. அதன் வலது ஓரத்தை அவசியம் பாருங்கள். பக்கத்து இடத்துக்கும் நீட்டத் திட்டமிட்டுப் பாதியில் நின்றதால் கற்கள் பல் வரிசைபோல் வெட்டவெளியில் துருத்திக்கொண்டிருக்கும். ருச்செல்லாய் என்ற பெயரே துணிக்கு ஊதாச் சாயம் தரும் ஒருவகைப் பாசியின் பெயரிலிருந்து வந்தது. அந்தச் சாயம்தான் இந்தக் கல்லுக்குக் காசு கொடுத்தது.

பிறகு இடுப்பு உயரத்துக்குக் கீழே. சுவரோடு ஓடும் கல் திண்ணை, பிரபுவைப் பார்க்க வந்தவர்கள் காத்திருந்த இடம். இரும்பு வளையம் குதிரை கட்ட, மேலே உள்ள தாங்கி தீப்பந்தமும் கொடியும் வைக்க. மெடிசி வீட்டு மூலையில் ஜன்னல் இருக்கும் இடம் முதலில் தெருவைப் பார்த்துத் திறந்த மண்டபமாக இருந்தது. 1517 வாக்கில் அதை அடைத்து ஜன்னல் வைத்தார்கள், வடிவமைத்தவர் மைக்கேலாஞ்சலோ. ஜன்னலின் அடியில் இரண்டு கால்கள் மடங்கி நிற்பதால் ‘மண்டியிட்ட ஜன்னல்’ என்று பெயர். யாரும் வந்து உட்காரலாம் என்றிருந்த மூலை மூடிய அறையானது, அந்தக் குடும்பம் எப்படி மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறது.

சில சுவர்களில் முழங்கை நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வளைவு ஓட்டை தெரியும். கோயில் மாடம் என்று நினைத்துப் பலர் கும்பிடுகிறார்கள். அது மது ஜன்னல். தோட்டத்தில் விளைந்த மதுவைக் கடைக்காரரிடம் கொடுக்காமல் வீட்டிலிருந்தே குப்பி குப்பியாக விற்ற இடம். 1630களின் கொள்ளைநோயின்போது ஆள் ஆளைத் தொடாமல் வியாபாரம் நடக்க அது உதவியது. பழைய நகரத்துக்குள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன.

சுவரில் உருண்டை உருண்டையாக ஒரு சின்னம் எல்லா இடத்திலும் வருகிறதே?

மெடிசி குலச்சின்னம். உருண்டைகளின் எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறிக் கடைசியில் ஆறில் நின்றது. மேலே உள்ள ஒன்று நீலமாக, பிரெஞ்சு லில்லிப் பூக்களோடு இருந்தால் அது 1465க்குப் பிந்தையது. பிரான்ஸின் பதினோராம் லூயி கொடுத்த மரியாதை அது. மூன்று பிறைநிலா ஸ்ட்ரோட்ஸி குடும்பம். இரண்டு டால்ஃபின் பாட்ஸி குடும்பம், 1478இல் பேராலயத்துக்குள்ளேயே மெடிசி சகோதரர்களைக் குத்தியவர்கள். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும், குழந்தைகளுக்கு நாள் முழுக்க விளையாட்டு.

வழிகாட்டிக்கு உரிமம் வேண்டுமா? எப்படித் தெரிந்துகொள்வது?

வேண்டும். இத்தாலியில் அருங்காட்சியகத்துக்குள் விளக்கம் சொல்வது உரிமம் பெற்ற வழிகாட்டியின் வேலை. கழுத்தில் புகைப்படத்தோடு அட்டை இருக்கும், கேட்டால் காட்டுவார். இந்தியாவிலிருந்து உங்களோடு வரும் டூர் மேனேஜர் வேறு. அவர் ஹோட்டல், பஸ், சாப்பாடு பார்ப்பவர். ஓவியத்தின் முன் அவர் விளக்கவுரை தொடங்கினால் ஊழியர்கள் வந்து நிறுத்தலாம். அதனால் பேக்கேஜ் வாங்கும்போது “உள்ளூர் உரிம வழிகாட்டி எத்தனை மணி நேரம், எந்தெந்தக் கட்டடத்துக்குள்?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “ஃப்ளோரன்ஸ் நகர நடை” என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் எந்தக் கட்டடத்துக்குள்ளும் போக மாட்டார்கள்.

தனியாக அமர்த்தினால் கட்டணம் பொதுவாகக் குழுவுக்குத்தான், தலைக்கு இல்லை. அரை நாள் என்றால் மூன்று மணி நேரம். நுழைவு டிக்கெட் தனி. டிப்ஸ் கட்டாயமில்லை.

எத்தனை பேர் சேர்ந்து போகலாம்?

ஆறிலிருந்து பத்து. பன்னிரண்டைத் தாண்டினால் சின்ன அறைகளை இழப்பீர்கள். ஃப்ளோரன்ஸில் அருமையானவை பல சின்ன அறைகளில்தான் இருக்கின்றன. மெடிசி வீட்டில் பெனோட்ஸோ கோட்ஸோலி 1459இல் வரையத் தொடங்கிய மூவரசர் வழிபாட்டறை ஒரு படுக்கையறை அளவுதான். சிறு குழுவாக உள்ளே விட்டு, சில நிமிடங்களில் வெளியே அனுப்புவார்கள். ஆகவே விளக்கத்தை முற்றத்திலேயே கேட்டு முடித்துவிட்டு, உள்ளே பேசாமல் பார்ப்பதுதான் சரி. மூன்று சுவரிலும் ஊர்வலம் போகும். கூட்டத்தில் ஒருவரின் சிவப்புத் தொப்பியில் ஓவியரின் பெயர் எழுதியிருக்கும், அது அவரே. பிற்காலத்தில் வீட்டை வாங்கிய ரிக்கார்டி குடும்பம் படிக்கட்டுக்காகச் சுவரை இடித்து நகர்த்தியதில் ஒரு குதிரை இரண்டு சுவர்களுக்கு இடையில் பிளந்து நிற்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

காதில் மாட்டும் ரேடியோ வேலை செய்யவில்லை என்கிறார்களே?

கருவியில் கோளாறு குறைவு, பயன்படுத்துவதில்தான் கோளாறு. வழிகாட்டி அடுத்த அறைக்குப் போய்விட்டால் கனத்த கல் சுவர் அலையை விழுங்கிவிடும். கரகரப்பு வந்தால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பக்கத்துக் குழுவின் பிரெஞ்சு காதில் விழுந்தால் சேனல் மாறியிருக்கிறது. எண்ணை ஆரம்பத்திலேயே போனில் குறித்துவையுங்கள். காதுக் கருவி வைத்துக்கொள்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் கழுத்தில் தொங்கும் வகை கேட்டுப் பார்க்கலாம்.

தமிழில் விளக்கம் கிடைக்குமா?

ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் எளிதாகக் கிடைக்கும். குழுவில் ஒருவர் மொழிபெயர்த்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், மூன்று மணி நேரத்தில் பாதிதான் முடியும். பெரியவர்கள் வந்தால் முந்தின இரவே ஹோட்டலில் மெடிசி குடும்பக் கதையைத் தமிழில் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். யார் அப்பா, யார் மகன், யார் எதிரி என்று தெரிந்தால் மறுநாள் பாதி ஆங்கிலம் புரியாவிட்டாலும் படம் புரியும்.

எந்தக் கிழமை எது மூடியிருக்கும்?

திங்கட்கிழமை உஃபிசி, பிட்டி, தாவீது சிலை இருக்கும் அக்காதேமியா மூன்றும் விடுமுறை. பார்ஜெல்லோ சிற்ப அருங்காட்சியகம் செவ்வாய். மெடிசி ரிக்கார்டி புதன். பலாட்ஸோ வெக்கியோ வியாழன் பிற்பகல் 2 மணிக்கே மூடிவிடும். அது நகராட்சிக் கட்டடம், அவ்வப்போது விழாவுக்கும் கூட்டத்துக்கும் கூட அடைப்பார்கள். முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். திங்களன்று வந்து இறங்கினால் கவலை வேண்டாம், முதல் நாள் நடையாக மேலே சொன்ன மெடிசி ரிக்கார்டி, பலாட்ஸோ வெக்கியோ இரண்டும் திறந்தேயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை உஃபிசியில் கூட்டம் நெரியும், திங்கள் போக முடியாதவர்களும் சேர்ந்து வருவதால். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம். முன்பதிவு கிடையாது, க்யூவில் போகும் நேரத்தைக் கணக்குப் போட்டால் அது இலவசமே இல்லை.

‘க்யூ இல்லாத டிக்கெட்’ வாங்கியும் க்யூவில் நிற்க வைத்தார்கள். ஏமாற்றா?

இல்லை. அந்த டிக்கெட் தவிர்ப்பது டிக்கெட் வாங்கும் க்யூவை. ஸ்கேனர், பை சோதனை க்யூ எல்லாருக்கும் உண்டு. உஃபிசியில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. முன்பதிவு செய்தவர் டிக்கெட் பெறுவது 3ஆம் எண் கதவில், எதிர்வரிசைத் தூண்களுக்குப் பின்னால். நுழைவது 1ஆம் எண் கதவில். முன்பதிவு இல்லாதவர் நிற்பது 2ஆம் எண் கதவில். முன்பதிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே 2ஆம் கதவில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் ஏராளம். குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாக இருங்கள்.

டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் அதேபோல் தோற்றமளிக்கும் மறுவிற்பனைத் தளங்கள், விலை கூடுதல். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எந்த நாட்டுக்காரரானாலும் அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். 25 வயது வரையிலான சலுகை விலை ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு. அதை இந்தியப் பாஸ்போர்ட்டோடு வாங்கிவிட்டால் வாசலில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

உஃபிசியில் மூன்று மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

சுற்று மேல்தளத்தில் தொடங்கி முதல் தளத்துக்கு இறங்குகிறது. போட்டிசெல்லியின் ‘வீனஸ் பிறப்பு’ மேல்தளத்தில் வருவதால் காலை 9 மணிக்கு மேல் அங்கே போன்களின் காடு. 8.15க்கு முதல் ஆளாக நுழைந்தால் வழியில் உள்ள சிலைகளைப் பார்க்காமல் நேரே அந்த அறைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து ஆரம்பியுங்கள். மாலை 4 மணிக்கு மேல் வருவது இன்னொரு வழி.

எட்டுமூலை ட்ரிபூனா அறைக்குள் விட மாட்டார்கள், வாசலிலிருந்துதான் பார்க்க வேண்டும். கூரையில் ஆயிரக்கணக்கான முத்துச்சிப்பிகள் பதித்திருக்கும், கழுத்தை வளைத்துப் பாருங்கள். நடைக்கூடத்தின் கோடியில் உள்ள ஜன்னலிலிருந்து பொந்தே வெக்கியோவும் அதன்மேல் ஓடும் வசாரி நடைபாதையும் தெரியும். அங்கே பத்து நிமிடம் ஓய்வு, பிறகு மொட்டைமாடியில் காபி. இதைச் செய்யாதவர்களுக்கு முதல் தளத்தில் உள்ள காரவாஜ்ஜோவின் ‘மெதூசா’ வரும்போது காலும் கவனமும் தீர்ந்திருக்கும்.

இத்தனையும் ஊரிலேயே இருப்பதற்குக் காரணம் மெடிசி வம்சத்தின் கடைசிப் பெண்மணி ஆன்னா மரியா லூயிசா. 1737இல் ஆட்சி வேறு குடும்பத்துக்குப் போனபோது, சேகரிப்பில் எதையும் ஃப்ளோரன்ஸை விட்டு எடுத்துப்போகக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டார்.

வசாரி நடைபாதைக்குள் போகலாமா?

போகலாம், 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். 1565இல் இளவரசரின் திருமணத்துக்காக ஐந்தே மாதத்தில் கட்டியது. உஃபிசியிலிருந்து ஆற்றைத் தாண்டி பிட்டி வரை, தெருவில் கால் படாமல் ஆட்சியாளர் போய்வர. முன்பு அங்கே தொங்கிய ஓவியர்களின் சுயஉருவப்படங்கள் இப்போது இல்லை. வெறும் வெள்ளைச் சுவரும் ஜன்னல்களும்தான். இதைத் தெரியாமல் போகிறவர்கள் ‘ஒன்றுமே இல்லையே’ என்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஜன்னல் வழியே கீழே உள்ள ஊரை. தலைக்கு மேல் ஆட்சியாளர் நடக்கிறார் என்பதால் பாலத்துக் கசாப்புக் கடைகளை 1593இல் காலிசெய்து பொற்கொல்லரை வைத்தார்கள், இன்றும் நகைக்கடைதான். மன்னெல்லி குடும்பம் தன் கோபுரத்தை இடிக்க மறுத்ததால் நடைபாதை அதைச் சுற்றி வளைந்து போகும்.

டிக்கெட் உஃபிசியோடு சேர்ந்தது, நேரம் குறித்தது, ஒருவழி. பொபொலி தோட்டப் பக்கம் வெளியே விட்டுவிடுவார்கள், உஃபிசிக்குத் திரும்ப முடியாது. பை காப்பகத்தில் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடைபாதை நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே உஃபிசிக்குள் விடுவார்கள்.

பாலத்தின் இரு முனையிலும் சாதாரணமான நவீனக் கட்டடங்கள் நிற்பது ஏன் என்று கேட்பார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை மற்றப் பாலங்களைத் தகர்த்து, இதை மட்டும் விட்டு, அணுகும் தெருக்களை வெடிவைத்தது.

பலாட்ஸோ வெக்கியோவில் தவறவிடக் கூடாதது?

ஐந்நூற்றுவர் மண்டபம். 54 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். அதன் ஓரத்தில் ஜன்னலே இல்லாத ஸ்டுடியோலோ என்ற சிற்றறை. சுவர் ஓவியங்கள் அலமாரிக் கதவுகளும்கூட, பின்னால் கோசிமோவின் மகன் முதலாம் பிரான்செஸ்கோ தன் அரிய பொருள்களை வைத்திருந்தார். ரகசியப் படிக்கட்டுச் சுற்றுக்குத் தனியாகப் பதிய வேண்டும், குறைவான பேர்தான். கோபுரம் 94 மீட்டர். மழை பெய்தால் மூடிவிடுவார்கள், ஆறு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை.

மண்டபத்துப் போர் ஓவியம் ஒன்றில், உயரத்தில் ஒரு பச்சைக் கொடியில் ‘செர்க்கா த்ரோவா’ என்று எழுதியிருக்கும்: தேடு, கிடைக்கும். இதன் பின்னால் லியோனார்டோவின் தொலைந்த ஓவியம் ஒளிந்திருக்கிறது என்பது பலமான ஊகம்தான், நிரூபணம் இல்லை. அங்கே லியோனார்டோ சுவரில் வரையவே தொடங்கவில்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. வெளிச்சுவரில் செதுக்கிய மனித முகத்தை மைக்கேலாஞ்சலோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செதுக்கினார் என்பதும் கதைதான். கதை என்று சொல்லிவிட்டுச் சொல்கிறவர் நல்ல வழிகாட்டி.

பலாட்ஸோ வெக்கியோ வாசலில் நிற்கும் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலைதான் அசலா?

அது 1910இல் வைத்த நகல். அசல் 1873இல் அக்காதேமியாவுக்குப் போனது. 5.17 மீட்டர். அக்காதேமியாவில் பை காப்பகம் கிடையாது, பெரிய முதுகுப்பையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

குழந்தைகளுக்கு எந்த அரண்மனை பிடிக்கும்?

டவன்சாத்தி, யோசிக்கவே வேண்டாம். 14ஆம் நூற்றாண்டு வீடு, பெரிய ஓவியம் எதுவும் இல்லை, ஆனால் மனிதர்கள் வாழ்ந்த வீடு. கிணற்றுக் குழல் மாடி மாடியாக மேலே போகிறது. ஒவ்வொரு மாடியிலும் நின்ற இடத்திலேயே வாளி இறக்கி நீர் இறைக்கலாம். ஒவ்வொரு மாடியிலும் கழிப்பறை. நெருப்பும் புகையும் வீட்டைத் தொடாதபடி சமையலறை உச்சி மாடியில். ஓர் அறைச் சுவர் முழுக்கக் கிளிகள். மேல்மாடிகளுக்குக் குறித்த நேரத்தில் ஊழியரோடுதான் போக முடியும், வந்ததும் முதலில் அந்த நேரத்தைக் கேட்டுப் பதியுங்கள்.

சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் குழுவைத் தவறவிட்டவர்கள் உண்டா?

தினமும். காரணம் கதவு எண். ஃப்ளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசை ஓடும்: வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம், கடைகளுக்குச் சிவப்பு. சிவப்பு 20ம் கறுப்பு 20ம் நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம். முகவரியில் எண்ணுக்குப் பின் ‘ஆர்’ எழுத்து இருந்தால் சிவப்பு. ‘ரோஸ்ஸோ’ என்பதன் சுருக்கம். அதைவிட, “சதுக்கத்தில் சந்திப்போம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோசிமோவின் வெண்கலக் குதிரைச் சிலைக்குக் கீழே என்று குறிப்பாகக் கேளுங்கள்.

எதை அணிவது, எதை எடுத்துப்போவது?

கெட்டி அடியுள்ள, பழகிய செருப்பு அல்லது ஷூ. தெருவில் பாவிய கற்பலகைகள் மழையில் வழுக்கும், நடைபாதை ஒற்றையடி. பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார் பிரச்சினையே இல்லை. தண்ணீர் அரை லிட்டர் பாட்டில் மட்டும். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் இலவசக் குடிநீர்க் குழாய் இருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். ஃபிளாஷ், செல்ஃபி கோல், முக்காலி கூடாது. கழிப்பறைக்கு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் போய்விடுங்கள், வெளியே கண்டுபிடிப்பது கஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் கல் சுவர் அடுப்புபோல் கொதிக்கும். அப்போது காலையில் உள்ளே, மாலை 7 மணிக்கு மேல் தெரு என்று மாற்றிக்கொள்ளுங்கள், வெளிச்சம் எட்டரைக்கு மேலும் இருக்கும். பாலத்தின் அருகில் தரையில் படங்களைப் பரப்பி விற்பார்கள். மிதித்துவிட்டால் பணம் கேட்டுச் சண்டை, கீழே பார்த்து நடங்கள்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு உஃபிசியிலும் பலாட்ஸோ வெக்கியோவிலும் லிஃப்ட் உண்டு, ஊழியரிடம் கேட்க வேண்டும்.

அழகைப் பார்த்து மயக்கமே வரும் என்கிறார்களே?

1817இல் இங்கே வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் பெயரில் அப்படி ஒரு நிலையை ஃப்ளோரன்ஸ் மருத்துவர் ஒருவர் பின்னாளில் விவரித்தார். வழிகாட்டிகள் அன்றாடம் காணும் தலைச்சுற்றலுக்கு ஸ்டெந்தால் காரணமில்லை: காலையில் வெறும் காபி, இரண்டு மணி நேரம் தலையை அண்ணாந்து கூரை பார்ப்பது, தண்ணீர் குடிக்காதது.

சைவச் சாப்பாடு?

ரிபொல்லீத்தா என்ற ரொட்டி காய்கறிக் கஞ்சியும், தக்காளி ரொட்டிக் கூழும் சைவம்தான், சில கடைகளில் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். லம்ப்ரெதோத்தோ என்று வண்டியில் விற்பது மாட்டு இரைப்பை. பர்மேசான் சீஸில் கன்றின் இரைப்பை நொதி இருக்கிறது, கண்டிப்பான சைவர்கள் தவிர்க்க வேண்டும். ரொட்டியில் உப்பு இருக்காது. அது அந்த ஊர் வழக்கம், கடைக்காரர் மறந்துவிடவில்லை. காபியை மேசையில் உட்காராமல் நின்றபடி குடித்தால் விலை குறைவு.

இந்தியாவோடு தொடர்புள்ளது ஏதாவது உண்டா?

பலாட்ஸோ வெக்கியோவின் வரைபட அறையில் அலமாரிக் கதவுகளில் 53 வரைபடங்கள், 16ஆம் நூற்றாண்டு ஃப்ளோரன்ஸ் அறிந்த உலகம். அதில் 14 ஆசியாவுக்கு. அந்தக் காலத்தில்தான் பிலிப்போ சஸ்ஸெத்தி என்ற ஃப்ளோரன்ஸ் வணிகர் மிளகு வாங்கக் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து எழுதிய கடிதங்களில் வடமொழிச் சொற்களுக்கும் இத்தாலியச் சொற்களுக்கும் உள்ள ஒற்றுமையைக் குறித்தார். அவர் 1588இல் கோவாவில் இறந்தார். அதே ஆண்டு ஃப்ளோரன்ஸில் நிறுவிய, வண்ணக்கற்களைப் பதித்து வேலை செய்யும் பட்டறை அருங்காட்சியகமாக அல்ஃபானி தெருவில் இருக்கிறது. பழைய கோவாவில் புனித சவேரியாரின் உடல் வைத்திருக்கும் சமாதிப் பீடம் மூன்றாம் கோசிமோ மெடிசி அனுப்பியது, ஃப்ளோரன்ஸ் சிற்பி ஃபோஜ்ஜினியின் வேலை.

அரை நாள் மிச்சமிருந்தால் நகரத்தின் மேற்கே காஷினே பூங்காவின் கோடிக்குப் போங்கள், மையத்திலிருந்து நடக்கும் தூரமில்லை, டாக்ஸியில் போகலாம். இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் 1870 நவம்பரில் ஃப்ளோரன்ஸில் இறந்த கோலாப்பூர் மகாராஜா ராஜாராமுக்கு அப்போது வயது இருபது. இரண்டு ஆறுகள் சேரும் இடம் வேண்டும் என்பதால் ஆர்னோவும் முஞ்ஞோனேயும் கலக்கும் கரையில் தகனம் நடந்தது. அங்கே விதானத்தின் கீழ் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. பக்கத்துப் பாலத்துக்கு ‘இந்தியர் பாலம்’ என்று பெயர்.